ஓர் ‘என்’ குறைகிறது

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில்
நான் முகில்வனன்.
கடவுச்சீட்டில் முகில்வண்ணன்.
ஆங்கிலத்தில் எழுதினால்
ஓர் ‘என்’தான் வித்தியாசம்.
பிறப்புச் சான்றிதழிலோ பெயரே இல்லை.
‘ஆண் குழந்தை’ என்று எழுதி
பெயர்க் கட்டத்தில் கோடு இழுத்திருக்கிறார்
சாத்தூர் நகராட்சியின் யாரோ.

தேக்காவில்
நகைக்கடைக்கு மேலே ஒரு குறுகிய அறை.
இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று
சத்தியம் செய்யச் சொன்னார் வழக்கறிஞர்.
செய்தேன்.
கோட்டுக்காகவும் சேர்த்துச் செய்தபோது
குரல் கொஞ்சம் இடறியது.
அவர் கவனிக்கவில்லை, முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.
ரசீதையும் கோப்பில் செருகினாள் லோகா.
எதுவும் உதவும், எதையும் எறியாதே.

சாப்பாட்டு மேசையில் இடமில்லை இப்போது.
அவள் சம்பளச் சீட்டுகள், மசேநிதிக் கணக்கு,
இந்த நாலறை வீட்டின் பத்திரம்,
எங்கள் கல்யாணம், அதன் நகல்,
நகலின் நகல்.
தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.
ரசம் என்றால் மட்டும் நின்றுகொண்டு.

வெள்ளைப் பின்னணியில் என் முகம்:
காது தெரியணும், பல் தெரியக்கூடாது.
“திருட்டு முழி. இதுக்கா குடுப்பாங்க?”
சிரித்துவிட்டு
தானே கத்தரித்து ஓரம் சரிசெய்தாள்.

ஏழாம் மாடி மாரிசெல் மூன்று முறை போட்டவள்.
கணவன் இந்த ஊர்ச் சீனர், பிள்ளைகள் இரண்டு.
‘வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி வரும்,
காரணம் வராது, என்றாள்.
தொண்டூழியம் செய், படம் எடு, சேர்த்து அனுப்பு.
மின்தூக்கி அவள் மாடியில் நிற்பதற்குள்
எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

எப்போது வந்தீர், எப்போது போனீர்?
தேதி தேதியாய் நிரப்பினேன்.
விமானம் ஓடாத பதினான்கு மாதம்
அவள் இங்கே, நான் அங்கே;
கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து
எதிரெதிரே சோறு பிசைந்தோம்.
பட்டியலில் அது
வெறும் இடைவெளி.

ஒரு கடிதமும் வைத்தால் நல்லது என்றார்கள்,
ஏன் இங்கேயே இருக்க விரும்புகிறேன் என்று.
‘பங்களிப்பு’ என்று தொடங்கினேன்.
அதற்கு மேல் ஓடவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி
புக்கிட் பாஞ்சாங்கில் அவள் பேருந்துக்குக் காத்திருந்தேன்.
அட்டையைத் தட்டினேன்.
மற்ற பயணிகளைப் பார்ப்பது போலவே பார்த்தாள்,
கண்ணாடித் துடைப்பான் மட்டும்
தேவையில்லாமல் ஒருமுறை ஆடியது.
மேல்தளத்தில் முன்வரிசை,
அவள் தலைக்கு நேர் மேலே என் இருக்கை.
அவள் திருப்பிய திக்கெல்லாம் திரும்பினேன்.
அப்பர் புக்கிட் தீமாவில் மரக்கிளை ஒன்று
முகத்தில் அறைய வந்து கண்ணாடியில் அறைந்தது.
கடைசி நிறுத்தத்தில்
“இறங்குங்க சார்” என்றாள்.

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மணி ஒன்று இருபது.
சாவி, காலுறை, ஒரு மடக்குத் தண்ணீர்.
ஆதரவாளர் அவள்தான்,
அவள் முகம் காட்டினால்தான் படிவம் திறக்கும்.
கைப்பேசியை ஏந்திப் பிடிக்கிறேன்.
வட்டத்துக்குள் முகத்தை வையுங்கள், என்கிறது.
வைத்தாள்.
வெளிச்சம் போதவில்லை, என்கிறது.
விளக்கைப் போட்டுத் திரும்புவதற்குள்
சோபாவில் சாய்ந்துவிட்டாள்.
கண்மூடிய முகத்துக்கு அது திறப்பதில்லை.

எழுப்பவில்லை.
திங்கட்கிழமை அவளுக்கு ஓய்வுநாள்.

குத்துமே என்று
சீருடையின் பெயர்ப்பட்டையைக் கழற்றினேன்.
விளக்கடியில் இன்றுதான் படிக்கிறேன்:
அடையாள அட்டையில் லோகேஸ்வரி,
இதில் லோகஸ்வாரி.

“எத்தனை வருஷமா இது?”
தூக்கத்திலேயே சொன்னாள்,
“ஆறு.
யாரு கேட்டா?”